ஆசிரியர் இல்லாமல் எஸ்பெராண்டோ கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் எஸ்பெராண்டோ படிக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து உறவினர்களும் நண்பர்களும் நூலகத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டுவருகிறார்கள். அவற்றை அவரவர் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்து, தமிழை மட்டும் துணையாக வைத்துக்கொண்டு கற்க நினைப்பவர்களுக்காக எழுதியது இது. எஸ்பெராண்டோச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அதில் உள்ள குறையை 6ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

1. எஸ்பெராண்டோ எந்த நாட்டு மொழி? ஒருவர் உட்கார்ந்து உருவாக்கியது என்றால் அது உண்மையான மொழிதானா?

எந்த நாட்டுக்கும் உரியதல்ல. லுத்விக் ஸாமென்ஹோஃப் என்ற கண் மருத்துவர் 1887இல் வார்சாவில் வெளியிட்ட சிறு நூல் ஒன்றில், ரஷ்ய மொழி விளக்கத்தோடு, இது முதன்முதலாக அச்சேறியது. அவர் பிறந்த பியாவிஸ்தோக் ஊரில் யித்திஷ், போலிஷ், ரஷ்யன், ஜெர்மன் பேசுகிறவர்கள் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் வெறுத்தார்கள். யாருக்கும் சொந்தமில்லாத மொழி ஒன்று நடுவில் இருந்தால் அந்த வெறுப்பு தணியும் என்று அவர் சிறுவயதிலேயே நம்பினார். நூலில் அவர் இட்டுக்கொண்ட புனைபெயர் 'டாக்டர் எஸ்பெராண்டோ'. நம்பிக்கையோடு இருப்பவர் என்று பொருள். அதுவே மொழிக்கும் பெயராகிவிட்டது. மொழியின் மீது தமக்கு எந்த உரிமையும் வேண்டாம், அது எல்லோருக்கும் பொது என்றும் அந்த முதல் நூலிலேயே அறிவித்துவிட்டார்.

1905இல் பிரான்சின் பூலோன்-சுர்-மேர் நகரில் முதல் உலக மாநாடு கூடியது. 688 பேர் வந்தார்கள். அதுவரை பலர் கடிதத்தில் மட்டுமே அறிந்திருந்த மொழியில் நேருக்கு நேர் பேசினார்கள், புரிந்துகொண்டார்கள். இன்று இந்த மொழியில் கவிதை இருக்கிறது, நாவல் இருக்கிறது, கடுமையான சண்டைகளும் இருக்கின்றன. வெவ்வேறு நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்து, வீட்டில் இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. ஒரு குழந்தை அழுதுகொண்டே பேசும் மொழியை உண்மையான மொழி அல்ல என்று என்னால் சொல்ல முடியாது.

2. இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? இல்லையென்றால் எதற்குப் படிக்க வேண்டும்?

வேலை கிடைக்காது. அந்த எண்ணத்தோடு வருகிறவர்களிடம் வேறு மொழி படியுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலகில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதிலும் ஒத்த கருத்து இல்லை. சில பதினாயிரம் என்பதிலிருந்து இருபது லட்சம் வரை மதிப்பீடுகள் இருக்கின்றன.

கிடைப்பது வேறு. பிரேசில்காரரும் ஜப்பான்காரரும் உங்களோடு பேசும்போது மூவருமே கற்றுக்கொண்டு வந்த மொழியில் பேசுகிறீர்கள். யாரும் யாருடைய வீட்டுத் திண்ணையிலும் விருந்தாளியாக உட்காரவில்லை. ஆங்கிலத்தில் தவறு வந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டே வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது முதல் உரையாடலிலேயே தெரிந்துவிடும். 1974இலிருந்து 'பஸ்போர்த்தா செர்வோ' என்றொரு ஏற்பாடும் நடக்கிறது. ஊர் சுற்றும் எஸ்பெராண்டோக்காரர்களுக்குப் பல நாடுகளில் சக எஸ்பெராண்டோக்காரர்கள் தங்கள் வீட்டில் இடம் தருகிறார்கள். பணம் வாங்குவதில்லை.

3. கிளிங்கோன், டோக்கி போனா என்றெல்லாம் இருக்கிறதே. அவற்றை விட்டு ஏன் இது?

கிளிங்கோன் ஒரு அறிவியல் கதைத் தொடரின் வேற்றுலகவாசிகளுக்காக மார்க் ஒக்ராண்ட் என்ற மொழியியலாளர் வளர்த்தெடுத்தது. வேண்டுமென்றே அந்நியமாக ஒலிக்கும்படி செய்தது. டோக்கி போனா 2001இல் சோன்யா லாங் வெளியிட்டது. ஏறக்குறைய 120 சொற்களுக்குள் எதையும் சொல்லிப் பார்க்கும் முயற்சி அது. இரண்டும் அருமையானவை. ஆனால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட இலக்கியமும், அந்த மொழிக்காகத் துன்பப்பட்ட மனிதர்களும் உள்ள செயற்கை மொழி எஸ்பெராண்டோ. ஹிட்லரின் ஆட்சி இதைத் தடை செய்தது. ஸ்டாலின் காலத்தில் இதைப் பேசியவர்கள் சிறைக்கும் கொலைக்களத்துக்கும் போனார்கள். ஸாமென்ஹோஃபின் மூன்று பிள்ளைகளும் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். அவற்றை அறிந்த பிறகு இந்த மொழியை வெறும் பொழுதுபோக்காகத் தொட எனக்கு மனம் வரவில்லை.

4. எனக்கு ஆங்கிலமே தடுமாற்றம். எனக்கு எப்படி இது வரும்?

ஆங்கிலத்தில் எது உங்களைத் தடுமாற வைத்ததோ அது இங்கே இல்லை. எழுதியபடியே படிக்கலாம். அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில். வினைச்சொல் ஆளுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறாது. நிகழ்காலம் '-ஆஸ்', இறந்தகாலம் '-இஸ்', எதிர்காலம் '-ஓஸ்'. விதிவிலக்கு என்று ஒரு வினைகூடக் கிடையாது. பெயர்ச்சொல் 'ஓ'வில் முடியும், பெயரடை 'ஆ'வில் முடியும், வினையடை 'ஏ'யில் முடியும். எண்களும் நம்முடையவை போலத்தான்: 'து' இரண்டு, 'தேக்' பத்து, 'துதேக்' இருபது. சொல்லப்போனால் தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று நம் மொழி வைக்கும் சிக்கல்கூட அங்கே இல்லை.

ஒரு நேர்மையான குறிப்பும் சொல்ல வேண்டும். வேர்ச்சொற்களில் பெரும்பகுதி லத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன் வழி வந்தவை. ஆங்கிலம் அறிந்தவருக்குப் பல சொற்கள் பார்த்தவுடன் பிடிபடும், அறியாதவர் அவற்றைப் புதிதாக மனத்தில் ஏற்ற வேண்டும். அந்தச் சுமையை எப்படிக் குறைப்பது என்று 8ஆம் கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

5. எத்தனை மாதம் ஆகும்? எதிலிருந்து தொடங்குவது?

நாளுக்கு அரை மணி நேரம், விடாமல், மூன்று மாதம். அப்போது எளிய கதையை அகராதி துணையோடு படிக்கலாம். ஓராண்டில் தயங்காமல் எழுதலாம். பேச்சு அவரவர் துணிவைப் பொறுத்தது. இவை என் அனுபவமும் என்னிடம் கேட்டுப் படித்த சிலரின் அனுபவமும்தான்.

'லெர்னு' என்ற இலவச இணையதளம் 2002இலிருந்து இருக்கிறது. எனக்கு அதுதான் பள்ளிக்கூடம். டியோலிங்கோவிலும் பாடம் உண்டு, பழக்கம் பிடிக்க நல்லது. ஆனால் அதில் மட்டுமே நின்றுவிடுகிறவர்கள் வாக்கியத்தை அடையாளம் காண்பார்கள், உருவாக்க மாட்டார்கள். முதல் மாதம் முடிந்ததும் க்ளோத் பிரோன் எழுதிய 'கேர்தா மலாபேரிஸ்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 'கேர்தா காணாமல் போனாள்' என்று பொருள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் சில புதிய சொற்களை மட்டும் சேர்த்து, கற்பவர்களுக்காகவே எழுதப்பட்ட துப்பறியும் கதை. பிரோன் ஐக்கிய நாடுகள் சபையில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, பிறகு உளவியலாளரானவர். எங்கே கற்பவரின் மனம் சோரும் என்பதை அவர் அறிந்திருக்கிறார்.

முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் தினமும் மூன்று வாக்கியம் எழுதுங்கள். இன்று என்ன சாப்பிட்டேன், யார் வந்தார்கள், மழை பெய்ததா. மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

6. தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்துப் படிக்கலாமா? உச்சரிப்பு சுலபம்தானே?

வேண்டாம். 28 எழுத்துகள்தான், ஒரு மாலையில் பழகிவிடும். தமிழ் எழுத்தில் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு மொழியின் பெயரே சாட்சி. நாம் 'எஸ்பெராண்டோ' என்கிறோம். அந்த மொழிக்காரர்கள் சொல்வது 'எஸ்பெரான்த்தோ' என்பதற்கு அருகில் இருக்கும். மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினத்தை நம் நாக்கு தானாகவே மென்மையாக்கிவிடுகிறது. பந்து, பண்டம், பங்கு எல்லாவற்றிலும் அப்படித்தான். தமிழுக்கு அது அழகு, இங்கே அது பொருளை மாற்றிவிடும். 'வென்த்தோ' என்றால் காற்று, 'வெந்தோ' என்றால் விற்பனை. சொல்லின் முதலில் இன்னும் சிக்கல். பாட்டுக்கும் கையுறைக்கும் உள்ள வேறுபாடு தொடக்க ஒலியில் மட்டும்தான். இரண்டையும் தமிழில் 'கான்த்தோ' என்று ஒரே மாதிரிதான் எழுத முடியும். பாட்டுக்கு 'கல்'லில் வரும் ககரம், கையுறைக்கு 'தங்கம்' என்பதில் வரும் ககரம்.

ஆகவே ப, த, க மூன்றுக்கும் வலிய ஒலி ஒன்று, மெலிய ஒலி ஒன்று என்று தனித்தனியாகக் காதுக்குப் பழக்குங்கள். ஒரு வாரம் சத்தமாக வாசித்தால் போதும். த ஒலிக்கு நாக்கைப் பல்லோடு ஒட்டியே வையுங்கள், நம் டகரம்போல உள்ளே வளைக்க வேண்டாம்.

7. தலையில் தொப்பி வைத்த எழுத்துகளைக் கணினியில் எப்படி அடிப்பது?

அப்படிப்பட்டவை ஆறு. கைப்பேசியில் எஸ்பெராண்டோ விசைப்பலகையைச் சேர்த்தால் முடிந்தது. கணினியில் அது இல்லாவிட்டால் அடிப்படை எழுத்தை அடித்து, பக்கத்தில் எக்ஸ் சேருங்கள். இந்த மொழியின் எழுத்துகளில் எக்ஸ் கிடையாது என்பதால் குழப்பம் வராது, எல்லோருக்கும் புரியும்.

8. சொற்கள் மனத்தில் நிற்கவே இல்லை. எப்படி மனப்பாடம் செய்வது?

சொல்லை மனப்பாடம் செய்யாதீர்கள், வேரைப் பிடியுங்கள். 'சான்' என்ற வேரை எடுத்துக்கொள்வோம். 'சானா' நலமுள்ள. முன்னால் 'மல்' சேர்த்தால் எதிர்ச்சொல்: 'மல்சானா' நோயுற்ற. ஆளைக் குறிக்கும் 'உல்' சேர்த்தால் 'மல்சனூலோ' நோயாளி. இடத்தைக் குறிக்கும் 'ஏய்' சேர்த்தால் 'மல்சனுலேயோ' மருத்துவமனை. 'லெர்னி' கற்பது, 'லெர்னேயோ' பள்ளி. 'குயிரி' சமைப்பது, 'குயிரேயோ' சமையலறை. கருவியைக் குறிக்க 'இல்' என்ற ஒட்டு. நாம் துருவு என்பதிலிருந்து துருவி என்று ஒரு சாமானுக்குப் பெயர் வைப்பதைப் போலத்தான்.

ஒட்டிக்கொண்டே போகும் மொழி நமக்குப் புதிதா? 'வரவழைக்கப்பட்டவர்களிடமிருந்து' என்பதை ஒரே மூச்சில் சொல்லிப் புரிந்துகொள்கிறவர்கள் நாம். அதனால் என் வழக்கம் இது: புதிய பொருள் ஒன்றுக்குச் சொல் வேண்டுமென்றால் அகராதியைத் திறப்பதற்கு முன் தெரிந்த வேரும் ஒட்டும் வைத்து நானே ஒன்றைக் கட்டிப் பார்ப்பேன். பிறகு சரிபார்ப்பேன். பல முறை அதுவே சரியாக இருக்கும். தவறாக இருந்தாலும் சரியான சொல் அன்றைக்கே மனத்தில் பதிந்துவிடும்.

9. கடைசியில் ஒட்டும் 'ன்' என்பது நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ'தானே? அப்படியானால் ஏன் எனக்கு அடிக்கடி தவறுகிறது?

ஆம், அதே வேலைதான். ஆங்கிலம் வழியே கற்பவர்கள் இதில் மாதக்கணக்கில் திணறுகிறார்கள், நமக்கு ஒரு நாளில் விளங்கிவிடுகிறது. தவறுவதற்குக் காரணம் தமிழில் 'ஐ' பல இடங்களில் மறைந்திருப்பதுதான். 'ஆப்பிள் சாப்பிடுகிறேன்' என்று சொல்வோம். அங்கே மறைக்க இடமில்லை: 'மி மாஞ்ஜாஸ் போமோன்'. அஃறிணையோ உயர்திணையோ, செயப்படுபொருள் என்றால் 'ன்' கட்டாயம்.

இன்னொன்று, பெயரடையும் கூடவே உருபேற்கும். 'சிவந்த ஆப்பிளை' என்பதில் நம் பெயரடை அசையாமல் நிற்கிறது. அங்கே 'ருஜான் போமோன்'. பன்மையானால் 'ருஜாய்ன் போமோய்ன்'. பழகப் பழக இது காதுக்குச் சந்தம்போல ஆகிவிடும்.

கடைசியாக, நகர்வைக் காட்டவும் இதே 'ன்' வரும். பறவை தோட்டத்தில் பறக்கிறது என்றால் 'என் லா ஜர்தேனோ'. வெளியிலிருந்து தோட்டத்துக்குள் பறக்கிறது என்றால் 'என் லா ஜர்தேனோன்'. தோட்டத்தில், தோட்டத்துக்குள் என்று நாம் பிரிப்பதை ஓர் எழுத்து பிரித்துவிடுகிறது.

10. 'கி', 'தி' என்று தொடங்கும் 45 சொற்கள் கொண்ட அட்டவணையைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். அதைத் தாண்ட வழி உண்டா?

இந்த இடத்தில்தான் பலர் நின்றுபோகிறார்கள். தமிழர் நிற்கத் தேவையே இல்லை. எங்கே, அங்கே, எப்போது, அப்போது, எப்படி, அப்படி, எவ்வளவு, அவ்வளவு. நம் 'எ' அவர்களுடைய 'கி', நம் 'அ' அவர்களுடைய 'தி'. 'கியே, தியே', 'கியாம், தியாம்', 'கியேல், தியேல்', 'கியோம், தியோம்'. அட்டவணையை நீங்கள் பிறந்ததிலிருந்தே மனத்தில் வைத்திருக்கிறீர்கள்.

எங்கே என்பதோடு ஓகாரம் சேர்த்து எங்கோ என்கிறோம், அங்கே 'கி' போய் 'இ' மட்டும் நிற்கும்: 'இயே'. உம் சேர்த்து எங்கும் என்கிறோம், அங்கே 'ச்சியே'. ஐந்தாவது வரிசை மட்டும் கவனம். தமிழில் 'எங்கும் போகவில்லை' என்று வினையை மறுக்கிறோம். எஸ்பெராண்டோவில் 'நெனி' வரிசைச் சொல்லே மறுத்துவிடும், வினையை மறுபடி மறுக்கக் கூடாது. இரண்டு மறுப்பு சேர்ந்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

11. தமிழில் யோசித்து மொழிபெயர்த்து எழுதுகிறேன். அது தவறா? ஆங்கிலத்தில் யோசிப்பதுதான் நல்லது என்கிறார்களே.

இந்தப் பக்கம் முழுவதையும் நான் எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். பள்ளியில் ஆங்கில இலக்கணம் படித்த பழக்கத்தில் எந்த வெளிமொழியையும் ஆங்கிலத்தின் வழியே பார்க்கத் தொடங்கிவிட்டோம். எஸ்பெராண்டோவின் பல நுட்பங்கள் ஆங்கிலத்துக்கு அந்நியம், தமிழுக்கு வீடு.

'அவன் தன் மனைவியை நேசிக்கிறான்', 'அவன் அவனுடைய மனைவியை நேசிக்கிறான்'. இரண்டாவது வாக்கியத்தில் வேறொருவனின் மனைவியோ என்று ஐயம் வருகிறதல்லவா? அந்த 'தன்'தான் 'சியா', 'அவனுடைய'தான் 'லியா'. எஸ்பெராண்டோவில் இந்த வேறுபாடு இலக்கண விதி. 'வருவேன் என்று சொன்னான்' என்பதில் வருவேன் எதிர்காலமாகவே நிற்கிறது. அங்கேயும் அப்படியே: 'லி தீரிஸ், கே லி வேனோஸ்'. ஆங்கிலத்தில் யோசிப்பவர் அந்த 'வேனோஸ்' என்பதைத் திருத்திக் கெடுத்துவிடுவார். நிரம்பு, நிரப்பு என்ற தன்வினை, பிறவினை இணையும் அங்கே உண்டு: 'ப்லெனீஜி' நிரம்புவது, 'ப்லெனீகி' நிரப்புவது. 'எனக்குப் பிடிக்கிறது' என்பதற்கு 'ப்லாச்சாஸ் அல் மி' என்று அதே அமைப்பு இருக்கிறது. 'நேற்று வந்த பையன்' என்ற பெயரெச்சத்தைக்கூட 'லா ஹியெராவ் வெனின்த்தா க்னாபோ' என்று சொல்லலாம்.

தமிழ் காலை வாரும் இடங்களும் உண்டு. 'அவர் ஆசிரியர்' என்று வினை இல்லாமல் முடித்துவிடுவோம், அங்கே 'எஸ்தாஸ்' வேண்டும். 'லா' என்ற சுட்டு நம்மிடம் இல்லாததால் எங்கே போடுவது, எங்கே விடுவது என்பது படிக்கப் படிக்கத்தான் பிடிபடும். நாம் சொல்லுக்குப் பின்னால் ஒட்டும் வேற்றுமைகளில் பல அங்கே சொல்லுக்கு முன்னால் தனிச்சொல்லாக வரும். நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே 'நி'. அந்த இழப்பு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

12. பெரியவர்களையும் சிறியவர்களையும் ஒரே சொல்லால் அழைப்பதா? மரியாதைக் குறைவு இல்லையா?

நீ, நீங்கள் இரண்டுக்கும் 'வி' ஒன்றுதான். என்னைவிட முப்பது வயது மூத்த ஒருவருக்கு முதல் கடிதம் எழுதியபோது என் கை தயங்கியது. 'வி'யை நீ என்று மொழிபெயர்த்துக்கொண்டதால் வந்த தயக்கம் அது. அதை நீங்கள் என்றே மனத்தில் வைத்துக்கொண்டேன், எல்லோருக்கும் அதுவே என்றானது. அண்ணன், தம்பி இருவரும் 'ஃப்ராத்தோ'தான். வயதைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் மூத்த, இளைய என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ளலாம்.

13. அம்மாவைப் 'பெண் அப்பா' என்று சொல்லும் மொழி என்கிறார்களே. ஐரோப்பிய மொழியை உலக மொழி என்கிறார்களா?

இரண்டு குறைகளும் உண்மை. 'பாத்ரோ' தந்தை, பெண்பால் ஒட்டான 'இன்' சேர்த்தால் 'பத்ரீனோ' தாய். 1887இல் ஓர் ஐரோப்பியர் செய்தது அப்படி அமைந்தது. இதை மாற்றச் சிலர் ஆண்பாலுக்கும் தனி ஒட்டு, பால் காட்டாத புதிய சுட்டுப்பெயர் என்று முன்வைத்திருக்கிறார்கள், சிலர் பயன்படுத்தியும் வருகிறார்கள். சொற்களின் ஐரோப்பியச் சாய்வை 4ஆம் கேள்வியிலேயே சொன்னேன். ஆனால் வேர்களை மாற்றாமல் ஒட்டிக்கொண்டே போகும் கட்டமைப்பு ஐரோப்பாவின் பெரிய மொழிகளைவிடத் தமிழுக்குத்தான் நெருக்கம் என்பதை 8ஆம், 9ஆம் பதில்களில் பார்த்திருப்பீர்கள்.

14. படிக்கும்போதே இதை இன்னும் நன்றாக மாற்றலாமே என்று தோன்றுகிறது. என் திருத்தங்களோடு எழுதலாமா?

மூன்றாம் மாதத்தில் எல்லோருக்கும் தோன்றும். 1907இல் அப்படித் திருத்தப்பட்ட 'ஈதோ' என்ற மொழி பிறந்தது, திறமையான பலர் பிரிந்து போனார்கள். பிறகு அதையும் திருத்த விரும்பியவர்கள் வந்தார்கள். 1905 மாநாட்டில் 16 விதிகளையும் அடிப்படைச் சொற்பட்டியலையும் யாரும் கைவைக்கக் கூடாத அடித்தளமாக ஏற்றதால்தான் அந்தக் காலத்துக் கடிதத்தை நான் இன்று தடையின்றி வாசிக்கிறேன். முதலில் ஐம்பது கடிதம் எழுதுங்கள். அதற்குப் பிறகும் அந்தத் திருத்தம் வேண்டுமென்று தோன்றினால் அப்போது பேசலாம்.

15. என் ஊரில் யாருமே பேசுவதில்லை. யாரிடம் பேசுவது?

என் ஊரிலும் இல்லை. முதலில் 5ஆம் பதிலில் சொன்ன மூன்று வாக்கியங்களைச் சத்தமாக வாசியுங்கள். பிறகு இணையத்தில் கடிதத் தோழர் ஒருவரைத் தேடுங்கள். அவர் தமிழோ ஆங்கிலமோ அறியாதவராக இருந்தால் மிக நல்லது, தப்பித்துக்கொள்ள வேறு மொழி இருக்காது. எஸ்பெராண்டோக்காரர்கள் கூடியிருக்கும் இடத்தில் சொந்த மொழியில் பேசிவிடுவதற்கு 'முதலை' என்ற சொல்லிலிருந்து 'க்ரொகொதீலி' என்று ஒரு வினையே வைத்திருக்கிறார்கள். வீடியோ அழைப்புக்கு முன் தவறில்லாமல் பேச வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். எதிரில் இருப்பவரும் கற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

16. ஆறு மாதம் படித்தேன், நடுவில் விட்டுப் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்தா?

வேண்டாம். முதல் பாடத்துக்குத் திரும்புகிறவர்கள் இரண்டாம் வாரத்தில் சலித்து மறுபடி விடுகிறார்கள். விட்ட இடத்தில் எந்தக் கதை பாதியில் நிற்கிறதோ அதை அதே பக்கத்தில் திறங்கள். ஒரு வாரம் அகராதி இல்லாமல், புரிந்த வரைக்கும் படித்துக்கொண்டே போங்கள். விதிகள் குறைவு என்பதால் இலக்கணம் மறந்திருக்காது, சொற்கள் மட்டும் மங்கியிருக்கும். எட்டாம் நாள் பழைய நோட்டை எடுத்து, கடைசியாக எழுதிய மூன்று வாக்கியங்களுக்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டு, நாலாவது வாக்கியத்தை எழுதுங்கள்.